என்.பி.ஏ. அணிகளைக் கட்டும் மூத்த நிர்வாகிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதிப் போட்டிகள் நம் நேரத்தில் பெரும்பாலும் காலை ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் எழுந்து பார்க்கும் நண்பர்களுக்கும், மாலையில் எங்கள் மைதானத்துக்கு ஆட வரும் இளைஞர்களுக்கும் ஆட்டக்காரர்களைப் பற்றித் தெரியாத செய்தி இல்லை. ஆனால் அந்த ஆட்டக்காரர்களை ஒரே அணியில் கொண்டுவந்து சேர்த்தவர் யார், எப்படிச் சேர்த்தார் என்ற பேச்சு வந்தால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஜெனரல் மேனேஜர்னா கோச்தானே? ரெண்டு பேரும் வேற வேறயா?

வேறுதான். கையில் இருக்கும் 15 பேரை வைத்து இன்றைய ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று பயிற்சியாளர் முடிவு செய்கிறார். அந்த 15 பேர் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம், ஏன், பயிற்சியாளரே யார் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் நிர்வாகி. சில அணிகளில் அவரை ஜெனரல் மேனேஜர் என்பார்கள், சில அணிகளில் தலைவர் என்பார்கள். பெயர் மாறினாலும் வேலை இதுதான்.

இரண்டு நாற்காலியிலும் ஒருவரே அமர்ந்த காலமும் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸில் ரெட் ஆவர்பாக் அப்படி இருந்தார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் ஜெனரல் மேனேஜராக இருந்த கிரெக் பாப்போவிச், 1996 டிசம்பரில் பயிற்சியாளரை நீக்கிவிட்டுத் தாமே அந்த இடத்துக்கு வந்தார். அன்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு. பிறகு அதே இடத்திலிருந்து ஐந்து சாம்பியன்ஷிப் வென்றார்.

ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாதா? அப்புறம் ஆளுங்க எப்படி வர்றாங்க?

ஏலம் கிடையாது. வாசல்கள் மூன்று. முதலாவது டிராஃப்ட்: ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். இரண்டாவது டிரேட்: ஓர் அணி தன் வீரரையோ எதிர்கால டிராஃப்ட் உரிமையையோ கொடுத்து இன்னோர் அணியின் வீரரைப் பெறுவது. மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்த வீரரோடு நேரடியாகப் பேசிச் சேர்த்துக்கொள்வது; அத்தகைய வீரரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள்.

டிராஃப்ட் வரிசையில் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் உறுதி இல்லை. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றுகளுக்கு வராத 14 அணிகளுக்கும் லாட்டரி நடக்கிறது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளை ஓர் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி நான்கை எடுப்பார்கள். நான்கு எண்கள் சேரக்கூடிய விதங்கள் 1,001. அவற்றில் ஆயிரத்தை அணிகளுக்கு முன்கூட்டியே பங்கிட்டுவிடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு ஓர் அணியின் தலைவிதியை அந்த நான்கு பந்துகள் எழுதிவிட்ட கதைகள் உண்டு. ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

பணக்கார ஓனர் எல்லா ஸ்டாரையும் வாங்கிப் போட்டுடலாமே?

அதைத் தடுக்கத்தான் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 1984-85 பருவத்தில் அது வந்தபோது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2024-25 பருவத்தில் சுமார் 14 கோடி டாலர். இந்த வரம்பில் விலக்குகள் பல. தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் வீரரைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்டின் பெயராலேயே அந்த விலக்கை அழைக்கிறார்கள். தாண்டினால் வரி உண்டு. மிக அதிகமாகத் தாண்டினால் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வரியோடு கட்டுப்பாடுகளும் உண்டு. இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை டிரேடில் பெறக்கூட அப்படிப்பட்ட அணிக்கு அனுமதி இல்லை.

ஆகவே பணம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பணத்துக்கு விதிப்படி இடம் இருக்க வேண்டும். எந்த வீரரின் ஒப்பந்தம் எந்தக் கோடையில் முடிகிறது என்பதை மூத்த நிர்வாகிகள் மூன்று நான்கு ஆண்டுகள் முன்னே எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய ஆளுங்கள்ல யாரைப் பெரிய ஆள்னு சொல்வீங்க?

தயக்கமில்லாமல் ஆவர்பாக். மூன்று முடிவுகளைப் பார்த்தால் போதும். 1956இல் பில் ரஸ்ஸல் டிராஃப்டுக்கு வந்தார். பாஸ்டனுக்கு அவரை எடுக்கும் வரிசை இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணிக்குத் தன் நட்சத்திரம் எட் மெக்காலேயையும், கிளிஃப் ஹேகன்மீதான உரிமையையும் கொடுத்து அந்த இடத்தை ஆவர்பாக் வாங்கினார். முதலிடத்தில் இருந்த ராச்செஸ்டர் வேறொருவரை எடுத்துக்கொண்டது. இதை ஹாக்ஸ் ஏமாந்த கதையாகச் சொல்பவர்கள், 1958இல் அதே மெக்காலேயும் ஹேகனும் ஆடிய ஹாக்ஸ் அணி பாஸ்டனையே வீழ்த்திக் கோப்பை வென்றதை விட்டுவிடுகிறார்கள். ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பைகள் வென்றார் என்பதால் அந்த ஒரு கோப்பை மறந்துபோயிற்று.

இரண்டாவது 1978. லாரி பேர்டுக்குக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது. ஆனாலும் அன்றைய விதிப்படி அவரை எடுக்க முடியும். ஓராண்டு காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் ஐந்து தேர்வுகள் அவரைக் கடந்துபோக, ஆறாவதாக ஆவர்பாக் எடுத்தார். முந்தைய பருவத்தில் 29 ஆட்டங்கள் மட்டுமே வென்ற பாஸ்டன், பேர்டின் முதல் பருவத்தில் 61 வென்றது. மூன்றாவது 1980: முதல் தேர்வையும் 13ஆம் தேர்வையும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ராபர்ட் பாரிஷையும் மூன்றாம் தேர்வையும் வாங்கினார். அந்த மூன்றாம் தேர்வில் வந்தவர் கெவின் மெக்ஹேல். பேர்ட், பாரிஷ், மெக்ஹேல் மூவரும் சேர்ந்து 1981, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் வென்றார்கள்.

1956இல் பாஸ்டனுக்கு அவசரம் இருந்தது, ஆகவே நட்சத்திரத்தைக் கொடுத்தார். 1978இல் அணி சரிந்து கிடந்தது, ஓராண்டு போனாலும் நஷ்டமில்லை என்று காத்திருந்தார். தன் அணிக்கு இது எந்த வேளை என்று அறிந்திருப்பதுதான் மூத்தவர்களின் தனித்திறன் என்று நான் கருதுகிறேன். கீழே வரும் பதில்களிலும் இதையே பார்ப்பீர்கள்.

ஜோர்டான் மாதிரி ஒருத்தர் கிடைச்சாப் போதுமே, ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன வேலை?

மைக்கேல் ஜோர்டான் 1984இல் சிகாகோ புல்ஸுக்கு வந்தார். முதல் கோப்பை 1991இல்தான் வந்தது. இடையில் 1988, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் அவர் அணி தோற்றது. அந்த இடைவெளியில் வேலை செய்தவர் நிர்வாகி ஜெரி கிரௌஸ். 1987 டிராஃப்ட் நாளில் சியாட்டில் எடுத்த ஸ்காட்டி பிப்பனை டிரேட் மூலம் பெற்றார். அதே நாளில் ஹொரேஸ் கிராண்டையும் எடுத்தார். 1988இல் ஜோர்டானின் நெருங்கிய நண்பர் சார்லஸ் ஓக்லியை நியூயார்க்குக்கு அனுப்பி, வளையத்தருகே ஆடும் சென்டர் இடத்துக்கு வயதான பில் கார்ட்ரைட்டை வாங்கினார். ஜோர்டானுக்குக் கடும் கோபம். முதல் மூன்று கோப்பைகளிலும் கார்ட்ரைட்தான் சென்டராக ஆடினார்.

1989இல் உதவிப் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனைத் தலைமைக்கு உயர்த்தியதும், 1995இல் யாரும் நெருங்கப் பயந்த டென்னிஸ் ராட்மனை வில் பெர்டூ என்ற மாற்று வீரரைக் கொடுத்து வாங்கியதும் அவரே. ஆனால் 1998இல் ஆறாவது கோப்பைக்குப் பிறகு அந்த அணி கலைந்த விதத்தில் அவருக்கும் பங்கு உண்டு. கட்டத் தெரிந்த எல்லாருக்கும் விடைகொடுக்கத் தெரிவதில்லை.

சூப்பர் ஸ்டாரே இல்லாம ஜெயிச்ச டீம் உண்டா?

உண்டு: 2004 டெட்ராய்ட். நிர்வாகி ஜோ டூமார்ஸ், அதே அணிக்காக ஆடி இரண்டு கோப்பைகள் வென்றவர். அவர் சேர்த்தவர்களைப் பார்த்தால் வேறு அணிகள் விட்டெறிந்தவர்களின் பட்டியல் போல இருக்கும். பென் வாலஸ், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். நட்சத்திரம் கிராண்ட் ஹில் அணியைவிட்டுப் போனபோது ஈடாக வந்தார். சான்சி பில்லப்ஸ் ஊர் ஊராக அலைந்துவிட்டு 2002இல் ஃப்ரீ ஏஜென்டாக வந்தார். ரஷீத் வாலஸ், 2004 பிப்ரவரியில் அட்லான்டாவுக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடிய கையோடு டெட்ராய்ட்டுக்கு வந்தார். அணியில் யாருடைய சராசரியும் ஓர் ஆட்டத்துக்கு 20 புள்ளிகளைத் தொடவில்லை. இறுதிப் போட்டியில் ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் நால்வரும் ஆடிய லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸை ஏழு ஆட்டத் தொடரில் 4-1 என்று வீழ்த்தினார்கள்.

இதே டூமார்ஸ்தான் 2003 டிராஃப்டில் இரண்டாம் தேர்வில் டார்கோ மிலிசிச்சை எடுத்தார். அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் கார்மெலோ அந்தோனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட். இவ்வளவு பெரிய தவறைச் செய்த அடுத்த ஆண்டே கோப்பை வென்ற வேறு நிர்வாகி என் நினைவுக்கு வரவில்லை.

வேணும்னே தோத்து, நல்ல டிராஃப்ட் வாங்கி ஜெயிக்கலாம்ல?

முயன்றிருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா 76ers அணி சாம் ஹிங்கியின் நிர்வாகத்தில் 2013 முதல் அதையே திட்டமாக வைத்திருந்தது. 2015-16 பருவத்தில் 10 ஆட்டங்கள் மட்டும் வென்று 72இல் தோற்றது. ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் வீரர் கிடைத்தார், ஆனால் 2025 வரை அந்த அணி லீகின் இரு பிரிவுகளில் தான் ஆடும் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றைக்கூட எட்டவில்லை. மேலே சொன்ன லாட்டரியிலும் 2019 முதல் வாய்ப்புகளை மாற்றிவிட்டார்கள்: முதல் தேர்வு கிடைக்கக் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் மட்டுமே.

பின்னால் சொல்வதாகச் சொன்ன கதை 1997ஆம் ஆண்டுக்குரியது. டிம் டங்கன் வருகிறார் என்று தெரிந்த ஆண்டு. அதிக வாய்ப்பு பாஸ்டனுக்குத்தான் இருந்தது. தன் நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயமடைந்ததால் 20 ஆட்டங்கள் மட்டும் வென்ற ஸ்பர்ஸுக்குப் பந்துகள் விழுந்தன. அதோடு ஸ்பர்ஸ் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1999இல் 57ஆம் தேர்வில் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலியையும், 2001இல் 28ஆம் தேர்வில் பிரான்ஸின் டோனி பார்க்கரையும் எடுத்தார்கள். மற்ற அணிகள் வெளிநாடுகளுக்கு, திறமையைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட்களை அரைமனதோடு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டங்கன் கிடைத்தது அதிர்ஷ்டம். மற்ற இருவர் கிடைத்ததில் ஸ்பர்ஸ் நிர்வாகி ஆர்.சி. பியூஃபர்டின் கால் தேய்ந்த உழைப்பு இருக்கிறது.

பேட் ரைலி, ஜெரி வெஸ்ட் இவங்க பேசினா மட்டும் ஸ்டார்கள் ஏன் வர்றாங்க?

பேச்சுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். 2010 ஜூலையில் ஃப்ரீ ஏஜென்டாக இருந்த லெப்ரான் ஜேம்ஸைச் சந்திக்கப் போன மயாமி ஹீட் தலைவர் ரைலி, தாம் வென்ற சாம்பியன்ஷிப் மோதிரங்களை ஒரு சிறு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வைத்த காட்சியையே எல்லாரும் சொல்கிறார்கள். காட்சி அழகானதுதான். ஆனால் அந்தக் கோடையில் மயாமி ஹீட்டின் ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்படி அவர் முன்கூட்டியே அமைத்திருந்ததால்தான் வேட், ஜேம்ஸ், பாஷ் மூவருக்கும் வரம்புக்குள் இடம் இருந்தது. மூவரும் கிடைக்கக்கூடிய உச்சச் சம்பளத்தைவிடக் குறைவாகவே வாங்கிக்கொண்டார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தில் வருமான வரி இல்லை என்பதும் உதவியது. 2012, 2013 கோப்பைகள் வந்தன.

1996இல் வெஸ்ட் செய்தது இதைவிட நுட்பமானது. லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸின் நிர்வாகியாக இருந்த அவர், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 17 வயது கோபி பிரையன்ட்டைப் பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்து, லேக்கர்ஸின் முன்னாள் தடுப்பு வீரர் மைக்கேல் கூப்பருக்கு எதிராக ஆடவிட்டார். தடுப்பாட்டத்துக்கே பேர்போன கூப்பரை அந்தப் பையன் திணறடித்தான். வெஸ்ட் சீக்கிரமே போதும் என்று நிறுத்திவிட்டார். பிறகு சென்டர் விளாடி டிவாட்ஸை ஷார்லட்டுக்குக் கொடுத்து, அந்த அணி 13ஆவதாக எடுத்த கோபியைப் பெற்றார். டிவாட்ஸ் போனதால் சம்பள வரம்பில் இடம் விழுந்தது. அந்த இடத்தில் ஓ'நீலை ஏழு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலருக்குச் சேர்த்தார். ஒரே டிரேடில் ஒரு நட்சத்திரம் வந்தார், இன்னொரு நட்சத்திரத்துக்கு இடமும் வந்தது. 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள்.

ஒன்பது வருஷம் உயிரைக் கொடுத்து ஆடின ஆளைத் தூக்கி அனுப்பறது நியாயமா?

டெமார் டிரோசனைப் பற்றித்தான் இதைக் கேட்கிறார்கள். மற்ற நட்சத்திரங்கள் ஓடிப்போன டொராண்டோவில் தங்குவதாகச் சொல்லித் தங்கியவர். 2018 ஜூலையில் ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரி அவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டு கவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் வாங்கினார். லெனர்ட் முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார், ஓராண்டில் போய்விடக்கூடியவர். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற இருந்த டுவேன் கேசியையும் உஜிரி நீக்கியிருந்தார்.

டிரோசனுக்கு அது அநீதியாகவே பட்டிருக்கும். நான் அதை மறுக்கமாட்டேன். உஜிரியின் நிலையில் நின்று பாருங்கள்: மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெப்ரானின் கிளீவ்லாந்திடம் தோற்ற அணி. அந்த ஜூலையில்தான் லெப்ரான் மேற்குப் பிரிவுக்குப் போனார். கிழக்கில் வாசல் திறந்திருந்தது, எத்தனை நாள் திறந்திருக்கும் என்று தெரியாது. ஆவர்பாக் பற்றிய பதிலில் சொன்ன வேளை என்பது இதுதான். 2019 மே 12 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில், மூலையிலிருந்து லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் டொராண்டோ கோப்பை வென்றது. அதற்கடுத்த மாதம் லெனர்ட் லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அந்தக் கோப்பையில் 27ஆம் தேர்வில் வந்த பாஸ்கல் சியாகமுக்கும், டிராஃப்டில் யாரும் எடுக்காத ஃப்ரெட் வான்விலீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களைப் பொறுமையாக வளர்த்தவரும் இதே உஜிரிதான்.

முன்னாடி இருந்தவர் சேர்த்த டீம், இப்போ இருக்கிறவர் ஜெயிக்கிறார். பெருமை யாருக்கு?

பங்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 2024இல் பாஸ்டன் வென்ற 18ஆவது கோப்பையின் வேர் 2013இல் இருக்கிறது. பாஸ்டன் நிர்வாகி டேனி எய்ஞ்ச் தன் 2008 கோப்பையின் நாயகர்களான பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும், முதுமை தட்டிய பிறகு, அவசரத்தில் இருந்த புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்து எதிர்கால முதல் சுற்று உரிமைகளை அள்ளினார். 2016இல் அவற்றிலிருந்து ஜெய்லன் பிரௌன் வந்தார். 2017இல் முதல் தேர்வே கையில் இருந்தது. எய்ஞ்ச் அதை, மேலே பார்த்த ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கி, கூடவே ஒரு உரிமையும் வாங்கிக்கொண்டு, ஜேசன் டேட்டமை எடுத்தார். 1980இல் ஆவர்பாக் செய்ததை நினைவுபடுத்தும் காரியம்.

எய்ஞ்ச் 2021இல் விலக, பயிற்சியாளராக இருந்த பிராட் ஸ்டீவன்ஸ் நிர்வாகியானார். டெரிக் வைட், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ், ஜ்ரூ ஹாலிடே மூவரையும் அவர் சேர்க்காமல் அந்தக் கோப்பை இல்லை. டென்வரில் 41ஆம் தேர்வில் நிகோலா யோகிச்சை எடுத்த காலத்து நிர்வாகத் தலைவர் டிம் கானலி, 2023இல் அந்த அணி வென்றபோது மினசோட்டாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குதானே? பழைய கண் பார்வைக்கு இன்னும் மதிப்பு இருக்கா?

புள்ளிவிவரம் இல்லாத அணியே இன்று இல்லை. ஆனால் 2014இல் நடந்ததைப் பாருங்கள்: கெவின் லவ் என்ற பெரிய பெயருக்காக கிளே தாம்சனைக் கொடுத்துவிடலாமா என்று வாரியர்ஸில் விவாதம் நடந்தது. அப்போது ஆலோசகராக இருந்த ஜெரி வெஸ்ட் அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். தாம்சன் தங்கினார், அடுத்த ஆண்டு வாரியர்ஸ் வென்றது. பந்து கையில் இல்லாதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதை, ஆட்டக்காரராகவே வாழ்ந்த 76 வயதுக்காரர் பார்த்திருந்தார்.

ஒரு டிரேட் நல்லதா கெட்டதான்னு அன்னைக்கே சொல்லிட முடியுமா?

சில நேரம் முடியும். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது பெரும்பாலானோர் அன்றே தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் டாலஸ் நிர்வாகி வேலையிழந்தார். பெரும்பாலும் முடியாது. 2019 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் சாம் பிரெஸ்டி, பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தார். லெனர்டைச் சேர்க்க ஜார்ஜும் வேண்டும் என்ற அவசரம் கிளிப்பர்ஸுக்கு இருந்தது. பிரெஸ்டிக்கு அவசரம் எதுவும் இல்லை. ஈடாக வந்தவர்களில் ஒருவர் ஒரே பருவம் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். கூடவே ஐந்து முதல் சுற்று உரிமைகள். அன்று எல்லாரும் கிளிப்பர்ஸைத்தான் கொண்டாடினார்கள்.

அந்த ஐந்தில் ஒன்று 2022இல் 12ஆம் தேர்வாகி ஜெய்லன் வில்லியம்ஸைக் கொண்டுவந்தது. 2024-25 பருவத்தில் தண்டர் 68 ஆட்டங்கள் வென்றது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். ஜூனில் இண்டியானாவை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். அன்றும் அந்த டிரேடில் வந்த கடைசி உரிமை, கிளிப்பர்ஸின் 2026 முதல் சுற்றுத் தேர்வு, பயன்படுத்தப்படாமல் பிரெஸ்டியின் கையில் இருந்தது.